பால் கடைசியில்தான்

சார்லட்டவுன், பிரின்ஸ் எட்வர்ட் தீவு, கனடா
தை 5

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அம்மா, தங்கச்சி, அப்பத்தா எல்லோரும் நலம்தானே? கார்த்திகையில் நீங்கள் போட்ட கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது. ‘போனில் பேசினால் சரி சரி என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்’ என்று ஆரம்பித்திருந்தீர்கள். தீபாவளிக்குப் பிறகு நான் கூப்பிடாதது தப்புதான். நான் வேலை முடிந்து வரும்போது அங்கே ராத்திரி இரண்டரை மணி. சரி, இது சாக்குத்தான்.

என்ன சாப்பிடுகிறான் என்று அம்மா கேட்டாளாம். உருளைக்கிழங்குதான். இந்தத் தீவே கிழங்குக் காடு. மண் நம் செம்மண் மாதிரியே சிவப்பு. போன ஐப்பசியில் கிழங்கு தோண்டின வயலைப் பார்த்து ஒரு நிமிஷம் ஏமாந்து போனேன். இப்போது எல்லாம் பனிக்குக் கீழே கிடக்கிறது. நேற்று மைனஸ் 18. மூக்குமுடி கூட விறைத்துவிடும். ஷெட்டில் பெல்ட்டில் ஓடுகிற கிழங்கைப் பார்த்து, வெடித்ததையும் பச்சை பட்டதையும் பொறுக்கி எறிவது என் வேலை. ஏலக்காயில் நமக்குப் பச்சைக்குத்தான் விலை. இங்கே கிழங்கில் பச்சை தெரிந்தால் விஷம் என்று வெளியே. கை முதல் மாதம் பழக்கதோஷத்தில் பச்சையைப் போய்த் தடவிக் கொடுத்தது! கோணலாக இருப்பதை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். குளிர்காலத்தில் வாரம் மூன்று நாள்தான் வேலை, நல்ல ஓய்வு.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றிப் போனில் சொன்னேனே, துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுகிறவர். இரண்டு தட்டு என்றால் டீ குடிக்க வா, மூன்று என்றால் மெதுவாக நட. அவர் தன்னுடைய பழைய ஸ்லோ குக்கரை எனக்குக் கொடுத்துவிட்டார். கனமான பீங்கான் சட்டி, சுற்றிலும் கரண்ட் சூடு. காலையில் கிழங்கைத் தோல் சீவி அரை அங்குலத் துண்டாக ஒரே அளவில் நறுக்கி, வெங்காயம், வெண்ணெய், நாலு கப் தண்ணீர் போட்டு மூடிவிட்டுப் போனால், எட்டு மணி நேரம் அதுபாட்டுக்கு வேகும். நடுவில் மூடியைத் திறக்கவே கூடாது. ஒருமுறை திறந்தால் இருபது முப்பது நிமிஷச் சூடு போய்விடும். வெந்ததில் பாதியை மசித்துவிட்டால் கிழங்கு மாவே சாற்றைக் கெட்டியாக்கும்.

முதல் தடவை எனக்கு எல்லாம் தெரியும் என்று காலையிலேயே பாலையும் ஊற்றிவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் திரிதிரியாகப் பிரிந்து கிடந்தது. பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, பால் கடைசி அரை மணி நேரம்தான் என்றார். அதுவும் சூடாக்கி ஊற்ற வேண்டுமாம். அப்போது பூப்பாறையில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் ஞாபகம் வந்தது. நீங்கள் ராத்திரி முழுக்க ஒவ்வொரு விறகாகத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். மேஸ்திரிச் சேட்டன் மலையாளத்தில் ‘பதுக்கெ, பதுக்கெ’ (மெதுவாக, மெதுவாக) என்று சொல்லிக்கொண்டே கப்பைக்கிழங்கை எனக்கு ஊட்டுவார். தீ கூடினால் காய் வெளுத்துப் போகும் என்று நீங்கள் தூங்கவே மாட்டீர்கள். இந்தச் சட்டிக்கு அந்தக் கவலை இல்லை, யாரும் முழித்திருக்க வேண்டாம்.

அம்மா கொடுத்துவிட்ட மிளகையும் சீரகத்தையும் நுணுக்கி, வெண்ணெயில் தாளித்துக் கொட்டினேன். பாட்டி ஏழு தும்மல் தும்மிவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார்.

கூட இருந்த இரண்டு பேரும் டொரண்டோவுக்குப் போய்விட்டார்கள். ரூம் தாராளமாக இருக்கிறது. முந்தாநாள் வேலை முடிந்து கதவைத் திறந்ததும் வெங்காயமும் வெண்ணெயுமாக வாசனை. ஷூவைக் கழற்றிக்கொண்டே ‘இன்னைக்கு என்ன குழம்பு?’ என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். 2023-ல் போடிக்கு ரயில் திரும்பி வந்ததும், நான் ஊரைவிட்டுக் கிளம்பியதும் ஒரே வருஷம். பிளாட்பாரத்தில் அம்மா என்னைப் பார்க்காமல் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். அம்மாவை இனிமேல் விடியற்காலை ஜீப்பில் மலைக்கு அனுப்பாதீர்கள். கூலி போனால் போகட்டும். பதினேழு கொண்டைஊசி வளைவையும் பதினைந்து பேரோடு இடித்துக்கொண்டு ஏறி, அப்புறம் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுக்க இடுப்பு தாங்காது. உங்கள் இருமலுக்கு டாக்டரிடம் போனீர்களா, கஷாயத்தோடு சரியா? சுவர் விஷயத்தில் பெரியப்பாவோடு பேச்சை வளர்க்க வேண்டாம், அரையடி போகட்டும். தங்கச்சி வளைகாப்புக்கு வளையல் வாங்கச் சின்ன மாமாவிடம் கொடுத்துவிடாதீர்கள், போன தடவை நடந்தது நினைவிருக்கட்டும். இந்த மாதம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். மாசி பிறந்ததும் அனுப்புகிறேன்.

அம்மா சங்கிலியை மாசிக்குள் மறுஅடகு வைக்க வேண்டும், மறக்காதீர்கள். ரசீதை அப்பத்தா வெற்றிலைப் பையில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை வாங்கிப் பீரோவில் வையுங்கள். சுண்ணாம்பு பட்டால் நம்பர் அழிந்துவிடும்.

அன்புடன்,
பெரியவன்