அப்பாவிடமே பேசியவர்களுக்கு

எங்கள் வட்டார அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவு டாக்டர், சிஸ்டர், சளி பரிசோதிக்கும் தம்பி, வீடு தேடி வந்த மேற்பார்வையாளர் அண்ணன், எல்லோருக்கும் வணக்கம்.

அப்பாவுக்கு ஆறு மாத சிகிச்சை முடிந்தது. கடைசிப் பரிசோதனையிலும் சளியில் கிருமி இல்லை. மருந்துக்கும், சத்தான சாப்பாட்டுக்கென்று மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டதற்கும் அரசுக்கு நன்றி. நீங்கள் பேசிய விதத்துக்கு உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் போன தனியார் மருத்துவமனையில், அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருக்க, "இவருக்கு டிபி. தட்டு, டம்ளரைத் தனியா வைங்க" என்று என்னிடம் சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. உங்கள் டாக்டர், "ஐயா, உங்ககிட்டதான் பேசணும். பொண்ணு கூட இருக்கலாமா?" என்று கேட்டார். காற்றில்தான் பரவும், தட்டில் பரவாது. முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்படாதீர்கள் என்று எல்லாம் அவரிடமே சொன்னார். எந்நேரம் மாத்திரை போட்டால் தோதுப்படும் என்றும் கேட்டார். டீக்கடைக்காரர், நாலு மணிக்கே எழுந்து பழகியவர். விடிகாலை என்று அப்பாவே முடிவு செய்தார்.

நடுவில் சில நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். சிஸ்டர் அதட்டவில்லை. "ஒத்துக்கலையா ஐயா? என்ன செய்யுது?" என்றார். குமட்டலைப் பற்றி அப்பா அப்போதுதான் வாய் திறந்தார். கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டுப் போடச் சொன்னார்கள். மருந்தை இடையில் விட்டவர்களைக் கடன் கட்டாதவர்களைப் போல 'டிஃபால்டர்' என்று எழுதுவதை உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே கைவிட்டது. அதட்டாமல் கேட்க சிஸ்டருக்கு அப்படி ஓர் ஆவணம் தேவைப்பட்டிருக்காது.

வீட்டில் எங்களையும் பரிசோதிக்க வேண்டியிருந்தது. வருவதற்கு முன் மேற்பார்வையாளர் அண்ணன் போன் போட்டு, "தெருவுல கேட்டா யாருன்னு சொல்லட்டும்?" என்று அப்பாவிடம் கேட்டாராம். விஷயம் பரவினால் டீக்கடைக்கு யார் வருவார்கள்? "பழைய கஸ்டமர்னு சொல்லிக்குங்க" என்றார் அப்பா. அண்ணனும் அதற்கேற்ப, கடையைப் பார்த்துக்கொண்ட என் தம்பியிடம் டீ வாங்கிக் குடித்து, காசும் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அப்பா ஒன்று சொல்லச் சொன்னார். புதிதாக மாத்திரை தொடங்கிப் பயந்து கிடப்பவர்கள் யாராவது விரும்பினால், அவர் நம்பரைக் கொடுக்கலாமாம். காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள், அதுவரை கடையில் கூட்டம்.

நன்றியுடன்,
அவருடைய மகள்