கும்பகோணத்து நண்பனுக்கு, டூல்செயின் குறித்து

மன்னார்குடி,
தை மாதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எங்கள் பக்கம் சம்பா அறுவடை பாதி முடிந்திருக்கிறது. அண்ணன் நெல்லோடு கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடப்பதால் வீட்டு வேலைகள் என் தலையில் விழுந்துவிட்டன. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

உன் மாணவர்கள் வாய்க்கால் மதகில் நீர்மட்டம் அளக்கும் கருவி செய்வது நல்ல முயற்சி. வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் அது வேலை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்கு நாள் இருக்கிறது. ஆனால், "புதிய கிராஸ் கம்பைலர் எங்கே கிடைக்கும், எப்படி நிறுவுவது" என்று, அதாவது ஒரு வகைக் கணினியில் இருந்தபடி வேறு வகைக் கணினிக்கு நிரலைத் தொகுக்கும் கருவியைப் பற்றி, நீ கேட்டிருக்கும் கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். எது புதியது என்று தேடுவதற்கு முன்னால், உன் போர்டில், அதாவது கருவிக்குள் வைக்கும் அந்தச் சிறு கணினியில், ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடு. நிரலை உருவாக்கும் கருவிகளின் கட்டான டூல்செயினை நிர்ணயிப்பது அதுதான்.

நீ அனுப்பிய பிழைச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். உபுண்டு 22.04 உள்ள மடிக்கணினியில், அதன் களஞ்சியத்திலிருந்தே ஆர்ம் வகைச் செயலிக்கான கம்பைலரை நிறுவி, நிரலைத் தொகுத்து, பீகிள்போன் பிளாக் என்ற உன் போர்டில் ஏற்றியதும் "ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை" என்று வந்திருக்கிறது. கம்பைலரில் கோளாறு எதுவும் இல்லை. டூல்செயின் என்று நாம் சொல்வது ஜிசிசி என்ற கம்பைலரை மட்டும் குறிப்பதில்லை. அசெம்பிளரும் லிங்கரும் அடங்கிய பைனுட்டில்ஸ், லினக்ஸ் கெர்னலின் ஹெடர்கள், சி லைப்ரரி (சி நிரல்களுக்கு வேண்டிய பொதுச் சார்புகளின் தொகுப்பு, இங்கே அது ஜிலிப்சி) ஆகியவை எல்லாம் சேர்ந்த கட்டு அது. இவற்றுள் சி லைப்ரரிக்கு மட்டும் இரண்டு பிரதிகள் உண்டு: தொகுக்கும்போது பார்க்கப்படுவது மடிக்கணினியில் இருக்கிறது, ஓடும்போது பயன்படுவது போர்டில் இருக்கிறது. உபுண்டு 22.04 தருவது ஜிலிப்சி 2.35. உன் போர்டில் இருக்கும் டெபியன் 11 தருவது 2.31. பழைய ஜிலிப்சியை வைத்துத் தொகுத்த நிரல் புதியதன் மீது ஓடும். புதியதை வைத்துத் தொகுத்தது பழையதன் மீது ஓடும் என்று சொல்ல முடியாது. வாய்க்கால் தண்ணீரைப் போல இந்தப் பொருத்தம் ஒரே திசையில்தான் பாயும்.

அப்படியானால் 2.35-ஐ வைத்துத் தொகுத்த நிரல் 2.34-ஐ ஏன் கேட்கிறது என்று உன் மாணவர் ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தாய். நல்ல கேள்வி. ஜிலிப்சியில் ஒவ்வொரு சார்புக்கும் அது எந்தப் பதிப்பில் இந்த வடிவம் பெற்றது என்ற முத்திரை இருக்கும். 2021 ஆகஸ்டில் வெளிவந்த 2.34-இல், அதுவரை தனியாக இருந்த பிதிரெட் லைப்ரரியை (ஒரே நிரலுக்குள் பல வேலைகளை இணையாக ஓட்ட உதவுவது) ஜிலிப்சியின் முதன்மைக் கோப்பான லிப்சிக்குள்ளேயே சேர்த்தார்கள். அதே பதிப்பில், நிரலின் மெயின் சார்பை அழைத்துத் தொடங்கிவைக்கும் சார்பும் புதிய முத்திரை பெற்றது. அதனால் "வணக்கம்" என்று ஒரு வரி அச்சிடும் நிரல்கூட 2.34-ஐக் கேட்கும். டெபியன் 11 வெளிவந்ததும் அதே 2021 ஆகஸ்டில்தான். ஆனால் அதன் உள்ளடக்கம் பல மாதங்களுக்கு முன்பே உறைந்துவிட்டதால் அது 2.31-இலேயே நின்றுவிட்டது. 2.34 என்ற அந்த வாசலின் இரு பக்கங்களில் உன் மடிக்கணினியும் போர்டும் நிற்கின்றன.

ஆகவே முதலில் போர்டில் நுழைந்து மூன்று செய்திகளை எழுதி வைத்துக்கொள். எல்டிடி கட்டளையிடம் பதிப்பைக் கேட்டால் ஜிலிப்சி எண் வரும். யுநேம் கெர்னல் எண்ணைச் சொல்லும். ரீட்எல்ஃப் கட்டளையை அங்குள்ள ஏதாவதொரு நிரலின் மீது ஏவினால், அது எந்த லோடரை (நிரலையும் அதன் லைப்ரரிகளையும் நினைவகத்தில் ஏற்றும் சிறு நிரல்) தேடுகிறது என்பது தெரியும். உன் போர்டில் உள்ளது கார்டெக்ஸ்-ஏ8 என்பதால் மிதவைப்புள்ளி (தசம எண்) கணக்குக்கு வன்பொருள் உண்டு. லோடரின் பெயரில் ஆர்ம்ஹெச்எஃப் என்ற சொல் இருக்கும். இதைப் பார்க்காமல் விட்டவர்கள் படும் பாடு வேடிக்கையானது. நிரல் கண்ணெதிரே இருக்கும், எல்எஸ் கொடுத்தால் பெயரும் தெரியும். ஏவினால் மட்டும் "அப்படியொரு கோப்பு இல்லை" என்று ஷெல் சொல்லும். இல்லாதது நிரல் அன்று, நிரல் கேட்கும் லோடர். அந்தச் செய்தியை எழுதியவர் எந்தக் கோப்பு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் பலருடைய இரவுகள் மிச்சமாகியிருக்கும்.

இனி, எங்கே வாங்குவது என்பதற்கு வருகிறேன். உன் நிலைமைக்கு நான் பரிந்துரைப்பது மிகச் சாதாரணமான வழி. போர்டில் டெபியன் 11 இருப்பதால், மடிக்கணினியிலும் டாக்கர் அல்லது பாட்மேன் வழியாக ஒரு டெபியன் 11 கன்டெய்னரை (உபுண்டுவுக்குள்ளேயே தனியாக ஓடும் டெபியன் சூழலை) உருவாக்கி, அதற்குள் கிராஸ்பில்ட்-எசென்ஷியல்-ஆர்ம்ஹெச்எஃப் என்ற தொகுப்பை ஆப்ட் என்ற நிறுவும் கருவி மூலம் நிறுவிவிடு. ஜிசிசி 10.2, பைனுட்டில்ஸ், ஜிலிப்சி 2.31 மூன்றும் போர்டில் உள்ளவற்றோடு ஒத்தே வரும். நீர்மட்ட சென்சார் ஆர்எஸ்-485 என்ற கம்பி இணைப்பு வழியாக மாட்பஸ் என்ற மொழியில் பேசுகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்கு வேண்டிய லிப்மாட்பஸ் லைப்ரரியும் இந்த வழியில் எளிதாகக் கிடைக்கும். டெபியனின் தொகுப்பு மேலாளரான டிபிகேஜியிடம் ஆர்ம்ஹெச்எஃப் என்ற இரண்டாவது கட்டமைப்பைச் சேர்க்கச் சொல்லி, பட்டியலைப் புதுப்பித்து, லிப்மாட்பஸ்-டெவ் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளியும் ஆர்ம்ஹெச்எஃப்பும் சேர்த்து ஆப்டிடம் கொடுத்தால் போதும். இதை மறந்து சாதாரண லிப்மாட்பஸ்ஸை நிறுவினால், லிங்கர் லைப்ரரி கிடைக்கவில்லை என்று கையை விரித்துவிடும். நீ நிறுவியிருப்பது மடிக்கணினிக்கான இன்டெல் பிரதி.

இதையே கன்டெய்னர் இல்லாமல் உபுண்டுவில் நேரடியாகச் செய்ய முனைந்தால் ஜிலிப்சித் தகராறு அப்படியே இருக்கும். அதோடு, ஆர்ம் தொகுப்புகளை உபுண்டு போர்ட்ஸ் என்ற தனி சர்வரில் வைத்திருப்பதால், மூலப் பட்டியலைத் திருத்தாத வரை ஒவ்வொரு வரிக்கும் 404 வரும். டெபியனில் இன்டெல், ஆர்ம் இரண்டுக்கும் உரியவை ஒரே இடத்தில் இருக்கின்றன.

மற்ற வழிகளையும் நீ அறிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எல்லாப் போர்டிலும் டெபியன் இருக்காது. ஆர்ம் நிறுவனமே தன் தளத்தில் ஆயத்த டூல்செயின்களைத் தருகிறது. அங்கே பெயரைக் கவனித்து எடுக்க வேண்டும்: நடுவில் லினக்ஸ் என்ற சொல் இருப்பது மட்டுமே உனக்கு உரியது. வெறும் ஆர்ம்-நன்-இஏபிஐ என்றிருப்பது இயங்குதளமே இல்லாத மைக்ரோகன்ட்ரோலர்களுக்கானது. அது நியூலிப் என்ற சிறிய சி லைப்ரரியோடு வரும். லினக்ஸ் நிரலுக்கு உதவாது. பிரான்சைச் சேர்ந்த பூட்லின் நிறுவனம் பில்ட்ரூட் என்ற கட்டும் கருவியைக் கொண்டு கட்டிய டூல்செயின்களை இலவசமாக வெளியிடுகிறது. பல கட்டமைப்புகளுக்கு ஜிலிப்சி, மஸ்ல், யூசிலிப்சி என்ற சி லைப்ரரிகளோடு தனித்தனியே கிடைக்கும். உன் மாணவர்களின் நிரல் சிறியதாகவும் ஒற்றைக் கோப்பாகவும் இருந்தால், மஸ்ல் உள்ளதை எடுத்து ஸ்டாட்டிக்காக இணைத்துவிடுவது நல்ல தந்திரம். லைப்ரரி முழுவதும் நிரலுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் போர்டில் எந்த ஜிலிப்சி இருக்கிறது என்ற பேச்சே எழாது. ஜிலிப்சியையே ஸ்டாட்டிக்காக இணைக்கலாமே என்று தோன்றும். ஆனால் சர்வர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கும் பகுதி அப்போதும் போர்டில் உள்ள ஜிலிப்சியையே நாடும் என்பதால், அளவீட்டை இணையத்துக்கு அனுப்பும் உன் கருவிக்கு அது சரிவராது. மஸ்ல் வழியில் போனால் லிப்மாட்பஸ்ஸையும் அதே கம்பைலரால் தொகுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்.

இப்படி டார் கோப்பாக வாங்குவதை நிறுவுவது பெரிய வேலை இல்லை. கூடவே தரப்படும் ஷா256 சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஆப்ட் நிர்வகிக்கும் யுஎஸ்ஆர் டைரக்டரியைத் தொடாமல் ஓபிடியின் கீழ் விரித்து, அதற்குள் இருக்கும் 'பின்' (bin) டைரக்டரியைப் பாத்தில் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலில்) சேர்த்தால் முடிந்தது. பூட்லினுடையதில் ரீலொக்கேட் என்ற ஸ்கிரிப்ட் ஒன்று உள்ளே இருக்கும், விரித்த இடத்தில் அதை ஒருமுறை ஓட்டிவிடு. அந்த 'பின்' டைரக்டரியைத் திறந்து பார்த்தால் ஜிசிசி, எல்டி, ஸ்ட்ரிப் எல்லாவற்றின் தலையிலும் ஒரே நீண்ட முன்னொட்டு இருக்கும். மடிக்கணினியின் சொந்த ஜிசிசியோடு மோதாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. கெர்னலைத் தொகுக்கும்போது இந்த முன்னொட்டைத்தான் கிராஸ்_கம்பைல் என்ற மாறியில் கொடுக்கிறோம். கடைசியில் உள்ள சிறு கோட்டையும் சேர்த்துக் கொடுக்கும்படி மாணவர்களிடம் வற்புறுத்து. அதை விட்டால் முன்னொட்டும் ஜிசிசியும் ஒட்டிக்கொண்ட ஒரு விசித்திரப் பெயரை, தொகுப்பை நடத்தும் மேக் கருவி தேடிக்கொண்டிருக்கும். கெர்னல் எந்தச் சி லைப்ரரியையும் சார்ந்ததன்று என்பதால், மேலே சொன்ன ஜிலிப்சிக் கவலை அதற்குக் கிடையாது.

டூல்செயினை மூலத்திலிருந்து கட்டித்தரும் கிராஸ்டூல்-என்ஜி கொண்டு நாமே முழுவதையும் கட்டலாமா என்றும் கேட்டிருந்தாய். கற்பிக்க வேண்டுமானால் கட்டாயம் கட்டு. கருவி செய்ய வேண்டுமானால் இப்போது வேண்டாம். ஜிலிப்சி எண், கெர்னல் ஹெடர் எண், மிதவைப்புள்ளி முறை ஆகிய ஒவ்வொன்றையும் மெனுவில் நாமே நிர்ணயிப்பதால் டூல்செயினின் உள்ளமைப்பு மாணவர்களுக்குத் தெளிவாக விளங்கும். ஆனால் எல்லா மூலக்கோப்புகளையும் இறக்கி ஜிசிசியையே தொகுக்க வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கும். நம் ஊர் மின்சாரம் இடையில் போனால் முதலிலிருந்து தொடங்க நேரும். இடைநிலைகளைச் சேமிக்கும் ஆப்ஷனை மெனுவிலேயே இயக்கி வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், வட்டில் இடம் மட்டும் அதிகம் கேட்கும். ஹெடர் எண் போர்டின் கெர்னலைவிடப் புதியதாக இருக்க வேண்டாம். ரூட் பயனராக ஓட்ட அது சம்மதிக்காது, அதுவும் நல்லதற்குத்தான். யோக்டோவும் பில்ட்ரூட்டும் போர்டின் முழுக் கோப்பு அமைப்பையும் நாமே உருவாக்கும்போது தேவைப்படுபவை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் எதற்கு, போர்டிலேயே ஜிசிசியை நிறுவித் தொகுத்தால் என்ன என்று உன் சக ஆசிரியர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நூறு வரி சி நிரலுக்கு அதுவே போதும், நானும் அப்படித்தான் செய்வேன். 512 எம்பி நினைவகம் உள்ள போர்டில் பெரிய சி++ நிரலையோ கெர்னலையோ தொகுக்க உட்கார்ந்தால்தான் பொறுமை தீரும்.

ஒன்று மட்டும் உன் மனத்தில் இருக்கட்டும். டெபியன் 11-இன் 32 பிட் ஆர்மில் நேரம் 32 பிட்டிலேயே எண்ணப்படுகிறது. 2038 ஜனவரி 19 அன்று அந்த எண்ணிக்கை நிரம்பிவிடும். 64 பிட் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி ஜிலிப்சியில் 2.34-இல்தான் வந்தது, மஸ்ல் 2020-இலேயே மாறிவிட்டது. மதகில் மாட்டிய கருவியை யாரும் தொடாமல் பத்து, பதினைந்து ஆண்டு விட்டுவிடுவது நம் பக்கத்து வழக்கம் என்பதால், இது வெறும் பாடப்புத்தகச் செய்தி இல்லை. அளவீட்டோடு சேமிக்கும் நேரத்தை 64 பிட்டாக எழுதும்படி கோப்பு வடிவத்தையாவது இப்போதே அமைத்துவிடச் சொல்.

நான் பயன்படுத்தும் டெபியன் 11 கன்டெய்னர் இமேஜை, லிப்மாட்பஸ் உட்பட, டார் கோப்பாகச் சேமித்து வைத்திருக்கிறேன். பழைய வெளியீடுகளை டெபியன் ஒரு கட்டத்தில் காப்பகத்துக்கு மாற்றிவிடும் என்பதால், நீயும் ஒரு பிரதியைக் கல்லூரியில் வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த வாரம் வலங்கைமான் வரை வரும் வேலை இருக்கிறது. பென்டிரைவில் போட்டுக் கொண்டுவருகிறேன், நீ அங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் போர்டிலிருந்து நான் கேட்ட மூன்று செய்திகளையும் எழுதி அனுப்பு. டெபியன் 11 என்று நீ சொல்வது ஸ்டிக்கரைப் பார்த்தா, போர்டையே கேட்டா என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்