பேரேடு போட்ட அக்காவுக்கும், மற்ற எல்லாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

மூன்றாவது புத்தகம் போன வாரம் பைண்டிங் முடிந்து வந்துவிட்டது. 14 பேர் சேர்ந்து எழுதும் தொடர் என்பதால் அட்டையிலேயே 14 பெயர்கள். உள்ளே கடைசிப் பக்கத்தில் இன்னும் 40 பெயர்கள் இருக்கின்றன. அங்கே இடம் போதவில்லை, பெயரோடு நிறுத்திக்கொண்டேன். யார் என்ன செய்தார்கள் என்பதைத் தனியாக எழுதிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். பெயர்களைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். செய்ததை இங்கே சொல்கிறேன்.

தொடரைப் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. இது பல அண்டங்களின் கதை. ஒவ்வோர் எழுத்தாளரும் நம் வரலாற்றில் உண்மையாகவே நடந்த ஒரு நாளை எடுத்துக்கொள்வார். அந்த நாள் வரை எல்லாம் நம் உலகம்தான். அன்று ஒரே ஒரு விஷயம் மாறும், அங்கிருந்து அவருடைய அண்டம் தனியாகப் பிரிந்து போகும். ஒருவருடைய அண்டத்தில் 1964 டிசம்பர் புயல் வடக்கே விலகிப் போய்விட்டது. தனுஷ்கோடி இன்றும் துறைமுக ஊர், போட் மெயில் ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் கப்பலேறித் தலைமன்னார் போகிறார்கள். தேனிக்காரர் ஒருவருடைய அண்டத்தில் பெரியாறு அணை கட்டப்படவே இல்லை. இன்னொருவருடைய அண்டத்தில், 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு மதராஸ் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வரவில்லை.

அந்த எம்டனிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் புத்தகம் வந்து ஒரு மாதம் இருக்கும். மதுரையிலிருந்து ஒரு தபால் வந்தது. நான்கு முழுத்தாள், இரு பக்கமும் நெருக்கமான கையெழுத்து. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா எழுதியிருந்தார். கதைகள் பிடித்திருந்தன என்று அரைப் பக்கம். மீதியெல்லாம் பிழைகள். அதில் ஒன்று: "எம்டன் வராத கதையில் பாட்டி பேரனைப் பார்த்து 'சரியான எம்டன்டா நீ' என்கிறாள். கப்பலே வராத ஊரில் அந்தச் சொல் பாட்டிக்கு எப்படித் தெரியும்?"

எழுதியவர் கவனிக்கவில்லை. படித்துப் பார்த்த ஏழு பேரும் கவனிக்கவில்லை. நானும் அந்த வரியைப் பத்து தடவையாவது கடந்திருப்பேன். பயமுறுத்தும் ஆளையும் பலே ஆளையும் எம்டன் என்று சொல்லிச் சொல்லி, அது ஒரு கப்பலின் பெயர் என்பதே நமக்கு மறந்து போயிருந்தது. அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம் என்று குழுவில் எழுதினேன்.

திருத்த வேண்டாம் என்று தடுத்தவர், எங்களுக்கு அறிவியல் பார்த்துக் கொடுத்த இயற்பியல் பேராசிரியர். அவருக்கு என் இரண்டாவது நன்றி. தொடர் தொடங்கும்போதே சார் எங்களோடு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தார். 1957இல் ஹியூ எவரெட் என்ற இளைஞர் பிரின்ஸ்டன் ஆய்வேட்டில் சொன்னதை எங்களுக்குப் புரியும்படி சொன்னார். அணு அளவிலான ஒன்றை நாம் அளக்கும்போது ஒரு விடை மட்டும் மிஞ்சி மற்றவை அழிந்து போவதில்லை, எல்லா விடைகளும் தத்தம் கிளையில் தொடர்கின்றன என்பது எவரெட்டின் கணக்கு. அன்றைக்கு அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1970இல் பிரைஸ் டிவிட் என்ற இயற்பியலாளர் எழுதிய பிறகுதான் பலர் திரும்பிப் பார்த்தார்கள். சரி, நாங்கள் கேட்டது வேறு. ஒரு அண்டத்து ஆள் இன்னொரு அண்டத்துக்குப் போக முடியுமா? சார் யோசிக்கவே இல்லை. "முடியாது. பிரிந்த கிளைகள் ஒன்றையொன்று தொடாது. ஆளைக் கடத்தினீர்கள் என்றால் எவரெட் பெயரை இழுக்காதீர்கள்."

இதைக் கேட்டு எங்களுக்குச் சுருக்கென்றது. கடக்க முடியாது என்றால் 14 பேரும் 14 தனிக் கதைகள் எழுதியதாக ஆகிவிடும். தொடர் எங்கே இருக்கிறது? முதல் புத்தகம் அந்தக் குறையோடுதான் வந்தது. நல்ல கதைகள், ஆனால் ஒன்றோடொன்று பேசாத கதைகள்.

அக்காவின் கடிதத்தை சாருக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் கூப்பிட்டார். "பாட்டிக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கதையில் யாராவது கேட்டால் என்ன? ஆளைக் கடத்தாதீர்கள். ஒரு சொல் மட்டும் கசியட்டும். இதுவும் விதி மீறல்தான். சொல் கடந்தாலும் தகவல் கடந்ததாகத்தான் அர்த்தம். ஆனால் ஒரே ஒரு விதியைத் தெரிந்தே மீறுங்கள், மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றுங்கள்."

இரண்டாவது புத்தகம் முழுவதும் அந்தத் தொலைபேசிப் பேச்சிலிருந்து பிறந்தது. தங்கள் உலகில் காரணமே இல்லாத ஒரு சொல்லைத் தாங்கள் பேசுவதைக் கண்டுபிடிக்கிற மனிதர்கள், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தங்களுக்கு நடக்காமல் போனதைத் தேடுகிறவர்கள். வாசகர்கள் எங்களிடம் மிகவும் பிடித்ததாகச் சொல்வது இதைத்தான். அதைக் கண்டுபிடித்தவர்கள் எழுத்தாளர்கள் இல்லை. கடிதம் எழுதிய அக்காவும், கடிதத்தைச் சரியாகப் படித்த சாரும்தான்.

அக்கா அதோடு நிற்கவில்லை. "தம்பி, இதுக்கெல்லாம் ஒரு கணக்கு வேணும்" என்றார். வங்கிப் பழக்கம். நீளமான பேரேட்டு நோட்டு ஒன்றை வாங்கி, அண்டத்துக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கிக் கட்டம் போட்டார். பிரிந்த நாள். அன்று நடக்காமல் போனது. அதனால் இல்லாத பொருள். அதனால் இல்லாத ஆள். கடைசிக் கட்டம், அதனால் இல்லாத சொல். கதை எழுதுகிற எவரும் முதலில் அக்காவுக்குப் போன் செய்து தன் பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. பெரியாறு அணை இல்லாத அண்டத்தில் ஒரு பையனுக்கு, அணையைக் கட்டிய ஆங்கிலேய எஞ்சினியரின் பெயரான பென்னிகுயிக் என்று பெயர் வைத்திருந்தோம். தேனிப் பக்கம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வைப்பது உண்டு என்பதால் எழுதிய நண்பருக்கு அது இயல்பாக வந்துவிட்டது. "அணை இல்லேன்னா அந்தத் துரைக்கு இங்க யாரு பேரு வைப்பா?" என்று அக்கா கேட்டார். கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் நெல் விளைவதாக இருந்த வரியும் அன்றே போயிற்று. அந்தப் பையன் மட்டும் பெயரோடு நின்றான். தன் பெயர் எந்த மொழி என்று யாருக்கும் தெரியாத பையனாக மூன்றாவது புத்தகத்தில் அவன்தான் நாயகன்.

அக்கா, மூன்று ஆண்டுகளில் நீங்கள் ஒரு ரூபாய் வாங்கிக்கொள்ளவில்லை. அட்டையில் பெயர் போடுகிறோம் என்றதற்கும் வேண்டாம் என்றீர்கள். 14 பேரும் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். உங்கள் கணக்கில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்துக் கதைக்கு வருகிறேன். 1981இல் எரிக்கப்பட்ட நூலகம் எரியாமல் இருந்திருந்தால் என்பது அந்த அண்டம். எழுதியவர் எரிப்புக்குப் பிறகு பிறந்தவர். முதல் வரைவில் நெருப்பைச் சுற்றித்தான் எல்லாமே இருந்தது. நெருப்பு வந்து, தடுக்கப்பட்டு, 97,000 நூல்கள் பிழைக்கும் கதை. இன்று டொராண்டோவில் வாழும் ஒரு அம்மா, பள்ளி நாட்களில் அந்தக் கட்டடத்தில் படித்தவர், வரைவைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் எங்களோடு பேசினார். "எரிஞ்சதை எழுதாதீங்கோ தம்பி. இருந்ததை எழுதுங்கோ" என்றார். தான் வழக்கமாக உட்காரும் மேசை, மத்தியான வெயில் எந்தப் பக்கமாக உள்ளே வரும், திருப்பித் தரத் தாமதமான புத்தகத்தோடு வாசலில் தயங்கி நின்றது, இதையெல்லாம் சொன்னார். கதையில் இப்போது நெருப்பே இல்லை. ஒரு சாதாரண வியாழக்கிழமை, ஒரு சிறுமி, தாமதமான ஒரு புத்தகம். வாசகர்கள் அழுதோம் என்று எழுதியதெல்லாம் அந்தக் கதைக்குத்தான். அம்மா, அந்த வெயில் நீங்கள் தந்தது.

தனுஷ்கோடிக் கதையைப் பாம்பன் மீனவர் அண்ணன் ஒருவர் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மார்கழியில் கச்சான் காற்று வீசுவதாக எழுதியிருந்தோம். அது வாடைக்காலம் என்று சிரித்துக்கொண்டே திருத்தினார். ஒரு சொல்தான். ஆனால் அந்த ஒரு சொல் தப்பாக இருந்தால் கடற்கரை ஊரில் யாரும் அடுத்த பக்கம் போக மாட்டார்கள். நன்றி அண்ணே.

பழைய செய்தித்தாள்களும் இதழ்களும் தேடி வந்தபோது, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் எழும்பூர் கன்னிமாராவிலும் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. நாவல் எழுதவா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மெய்ப்பு பார்த்த தஞ்சாவூர்த் தமிழாசிரியர் ஐயாவுக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். எங்கள் கையெழுத்துப் பிரதிகள் வந்த கோலம் அப்படி. யாழ்ப்பாணத்திலிருந்து பாமினி எழுத்துருவில் ஒன்று, பழைய கணினியிலிருந்து வேறு ஏதோ குறியேற்றத்தில் ஒன்று, மற்றவை யூனிகோடில். மாற்றிப் போட்டால் துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ர நிற்கும், ஔ வர வேண்டிய இடத்தில் ஒ, ள என்று இரண்டு எழுத்து நிற்கும். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, தேடினால் சிக்காது. ஐயா அச்செடுத்த தாளில் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாகப் பிடித்தார். 76 வயதில், மூன்று புத்தகங்கள்.

தொடருக்கு என்ன பெயரிட்டு அழைப்பது என்று நாங்கள் மல்டிவெர்ஸ், பல்பிரபஞ்சம் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதும் ஐயாதான் தீர்த்து வைத்தார். மாணிக்கவாசகர் திருவண்டப்பகுதியில் நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்த அண்டங்களைச் சொல்லி, வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் மிதக்கும் தூசி போல அவை இறைவன் முன் சிறியவை என்கிறாரே, அண்டம் என்ற சொல் இருக்கும்போது நீங்கள் ஏன் கடன் வாங்குகிறீர்கள் என்றார். அன்றிலிருந்து எங்களுக்கு அண்டம்தான். டொராண்டோ அம்மா வெயிலைப் பற்றிச் சொன்னபோது எனக்கு அந்தத் தூசி நினைவுக்கு வந்தது.

அச்சுக்கு வருவோம். பதிப்பகம் இல்லாமல் நாமே போடுவது என்றால் காகிதம், அச்சு, தபால் எல்லாவற்றுக்கும் முன்பணம் வேண்டும். புத்தகம் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் முன்பதிவு செய்த 212 பேர் இல்லையென்றால் முதல் புத்தகம் இல்லை. இரண்டாவது புத்தகத்தில் பெரிய அடி விழுந்தது. அச்சகத்தில் ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், தலைகீழாகச் சேர்ந்துவிட்டது. 300 பிரதியிலும். அட்டை ஒட்டி முடித்த பிறகுதான் பார்த்தோம். அவர்கள் மறுபடி அச்சிட்டுத் தர மறுத்துவிட்டார்கள். அந்த ஒரு ஃபாரத்தை மட்டும் வேறு இடத்தில் அடித்து எடுத்துக்கொண்டு திருவல்லிக்கேணியில் ஒரு பைண்டிங் கடைக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா ஒரு பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் பைண்டிங்தான், பிரிக்கலாம் என்றார். அவரும் அவர் மகளும் ஒன்பது நாள் உட்கார்ந்து, 300 பிரதியிலும் அட்டையைக் கழற்றி, நூலை அறுத்து, ஃபாரத்தை மாற்றி, மறுபடி தைத்தார்கள். ஓரம் மறுபடி வெட்ட வேண்டியிருந்ததால் இரண்டாவது புத்தகம் மற்ற இரண்டையும்விட ஒரு நூல் அளவு குட்டையாக இருக்கும். அலமாரியில் சேர்த்து வைத்தவர்கள் கேட்டிருக்கிறீர்கள். காரணம் இதுதான். அந்தக் குட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு பேரின் விரல்கள் ஞாபகம் வரும்.

சென்னைப் புத்தகக் காட்சியில் எங்களுக்குத் தனி அரங்கு கிடையாது. தன் அரங்கில் இரண்டு அடி மேசையை விட்டுக்கொடுத்த சிறு பதிப்பாளர் நண்பர், கூட்டம் அதிகமான ஞாயிற்றுக்கிழமை தன் புத்தகங்களைக் கீழே வைத்துவிட்டு எங்களுடையதை மேலே வைத்தார். அட்டைப் படம் போட்ட தம்பி கேட்ட பணத்தில் பாதியைத்தான் கொடுத்திருக்கிறோம். மீதியை இந்த மாதம் அனுப்பிவிடுகிறேன், தம்பி.

அப்புறம் எங்கள் 14 பேரின் வீட்டில் இருப்பவர்களுக்கு. இரவு பதினொரு மணிக்கு எந்த அண்டத்தில் மண்ணெண்ணெய் கிடைக்கும் என்று போனில் சண்டை போட்டதையெல்லாம் பொறுத்துக்கொண்டீர்கள்.

நான்காவது புத்தகத்துக்கு இதுவரை ஐந்து கதைகள் வந்திருக்கின்றன. அக்காவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து ஓய்வில் இருப்பதால், பேரேட்டைச் சென்னைக்கு எடுத்து வந்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு யாரும் அவருக்குப் போன் செய்ய வேண்டாம். சந்தேகம் இருந்தால் என்னிடம் கேளுங்கள், பக்கத்தைப் பார்த்துப் படித்துக் காட்டுகிறேன். உதவிய எல்லாருக்கும் மூன்றாவது புத்தகத்தின் பிரதி திங்கட்கிழமை தபாலில் போகிறது. வீடு மாறியவர்கள் அதற்குள் புது முகவரியைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தொகுப்பாளர்
சென்னை