கிராஸ்ஓவரைக் கழற்றும் முன் அளந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்பீக்கர்களை ஆக்டிவ் முறைக்கு மாற்றுவது பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். தாழ்ந்த ஒலிகளுக்கான ஊஃபருக்கும் உச்ச ஒலிகளுக்கான ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர், அவற்றுக்கு முன்னால் ஒலியை எண்முறையில் பிரித்துத் திருத்தும் ஒரு டி.எஸ்.பி. போர்டு என்ற அமைப்பை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பதைக் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருந்தார். ஆனால், ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும், உள்ளே இருக்கும் பாசிவ் கிராஸ்ஓவர் சுற்றைக் கழற்றிவிட்டு, பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருக்கும் 3,000 ஹெர்ட்ஸ் என்ற பிரிப்பு எண்ணை டி.எஸ்.பி.யில் இட்டு, ஆக்டேவுக்கு (அதாவது அதிர்வெண் இருமடங்காகும் ஒவ்வொரு இடைவெளிக்கும்) 24 டெசிபல் சரிவைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது என்று அதில் கூறியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

பின்புறம் அச்சிட்டிருக்கும் அந்த எண், கிராஸ்ஓவர் செய்யும் வேலைகளில் ஒன்றை மட்டுமே சொல்கிறது. 20 செ.மீ. அகலமுள்ள பெட்டியில் ஏறத்தாழ 575 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியிலிருந்து கீழே போகப் போக ஒலி முன்பக்கம் மட்டும் செல்லாமல் பெட்டியைச் சுற்றிப் பரவத் தொடங்குவதால், முன்னால் கேட்கும் அளவு படிப்படியாக 6 டெசிபல் வரை குறைகிறது. ஊஃபரோடு தொடரில் இருக்கும் பெரிய காயில் (கம்பிச்சுருள்) பெரும்பாலும் இந்தக் குறையையும் சேர்த்தே ஈடு செய்கிறது. ட்வீட்டர் பொதுவாக ஊஃபரைவிடச் சில டெசிபல் உரக்க ஒலிக்கும் என்பதால் அதை அடக்க ரெசிஸ்டர்கள் இருக்கும். தவிரவும், ட்வீட்டர் தன் ஒத்ததிர்வுக்கு (இயல்பாகவே மிகுதியாக அதிரும் அதிர்வெண்ணுக்கு) கீழே ஆக்டேவுக்கு 12 டெசிபல் வீதம் தானாகவே இறங்கும் இயல்புடையது; அந்த இறக்கத்தையும் கணக்கில் கொண்டுதான் வடிவமைப்பாளர் தம் சுற்றை அமைத்திருப்பார். அதன் மேல் நாம் முழு 24 டெசிபல் சரிவை ஏற்றினால் கிடைப்பது வேறொரு ஸ்பீக்கர்.

பிபிசி 1970களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதிலுள்ள, கேஇஎஃப் நிறுவனத்தின் பி110 ஊஃபர், டி27 ட்வீட்டர் இரண்டும் ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸில் பிரிகின்றன. ஆனால், அதன் கிராஸ்ஓவரில் ஊஃபரின் நடுப்பகுதி மேட்டைத் தட்டையாக்கும் சுற்றும், ட்வீட்டரின் அளவைப் பொருத்தப் பல முனைகள் கொண்ட ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கின்றன. 3,000 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போடுபவர், பிபிசி பொறியாளர்களின் உழைப்பில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறார்.

இதனால்தான் கழற்றும் முன் அளந்து வைக்க வேண்டும். அதில் முதற்படி மைக்கே தேவைப்படாதது. ட்வீட்டருக்குத் தெரிவதெல்லாம் அதன் இரு முனைகளில் வந்து சேரும் வோல்ட்டேஜ்தான். ஆகவே, டிரைவர்கள் (ஊஃபரும் ட்வீட்டரும்) இணைப்பிலேயே இருக்க, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை தொடர்ந்து ஏறும் சோதனை ஒலியான சுவீப்பைக் குறைந்த அளவில் செலுத்தி, அம்முனைகளில் வருவதைச் சவுண்டு கார்டு வழியாகப் பதிவு செய்தால், டி.எஸ்.பி.யில் நாம் அமைக்க வேண்டிய வளைவு அப்படியே கிடைத்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் இதற்குப் போதும். டிரைவருக்குப் பதிலாக 8 ஓம் ரெசிஸ்டரை இணைத்து அளக்கக் கூடாது. 8 ஓம் என்று குறித்த ஊஃபரே ஒத்ததிர்வில் 30 ஓமைத் தாண்டக்கூடும், கிராஸ்ஓவரோ அந்த மாறும் சுமையை வைத்துத்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது. சவுண்டு கார்டைக் காக்க 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடரில் இணைத்து, வோல்ட்டேஜைப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ள வேண்டும். இன்று மலிவாகக் கிடைக்கும் கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர் போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கர் வெளியீட்டின் கறுப்பு முனை கிரவுண்டு அன்று. அதைச் சவுண்டு கார்டின் கிரவுண்டோடு சேர்த்தால் போர்டு எரிந்துபோகலாம். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, கறுப்பு முனைக்கும் உள்ளீட்டு ஜாக்கின் வெளிவளையத்துக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

அடுத்தது மைக். நம் வீடுகளின் மொசைக் தரையும் கான்கிரீட் கூரையும் ஒலியை நன்றாகவே திருப்பி அனுப்புகின்றன. 3 மீட்டர் உயர அறையில், சுவர்களிலிருந்து தள்ளி, தரைக்கும் கூரைக்கும் நடுவே 1.5 மீட்டர் உயரத்தில் ட்வீட்டர் இருக்குமாறு பெட்டியை வைத்து, 1 மீட்டர் தொலைவில் மைக்கை நிறுத்தினால், முதல் எதிரொலி சுமார் 6.3 மில்லி செகண்டு கழித்து வருகிறது. அதற்கு முன் வந்ததை மட்டும் வெட்டி எடுத்தால் ஏறத்தாழ 160 ஹெர்ட்ஸ் வரை நம்பத்தக்க வளைவு கிடைக்கும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கிராஸ்ஓவரோடு ஒருமுறையும், கிராஸ்ஓவர் இன்றி ஒருமுறையும் ஒவ்வொரு டிரைவரையும் தனியாக அளக்கும்போது, பெட்டியும் மைக்கும் இம்மியும் நகரக் கூடாது என்பதே முக்கியம். அப்போது அறையின் குறைகள் இரண்டு அளவுகளிலும் ஒன்றாகவே இருக்கும். வித்தியாசம் முழுவதும் கிராஸ்ஓவருடையது. சவுண்டு கார்டின் ஒரு வெளியீட்டை அதன் இரண்டாம் உள்ளீட்டுக்கே திருப்பிக் கொடுத்தால் இரு டிரைவர்களுக்கும் இடையிலுள்ள கால வேறுபாடும் சரியாகப் பதிவாகும். இதனாலேயே யூ.எஸ்.பி. மைக்கைவிட, சவுண்டு கார்டில் செருகும் மைக்கை நான் பரிந்துரைக்கிறேன்.

ட்வீட்டரை நேரடியாக ஆம்ப்ளிஃபயரில் இணைக்கும்போது தொடரில் ஒரு 20 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். 8 ஓம் ட்வீட்டருக்கு அது 1,000 ஹெர்ட்ஸ் அளவில்தான் வெட்டும் என்றாலும், ஆம்ப்ளிஃபயரைப் போடும்போது எழும் ‘டப்’ என்ற அதிர்வும் நேர்மின்னோட்டமும் மெல்லிய காயிலை எரிக்காமல் காக்கும். மாற்றம் முடிந்தபின், டி.எஸ்.பி.யில் ட்வீட்டரின் துருவத்தைத் தலைகீழாக்கி அதே இடத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். ஆக்டேவுக்கு 24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி எனப்படும் வடிகட்டி வகைப் பிரிவாக இருந்தால் பிரியும் இடத்தில் ஆழமான பள்ளம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இரு டிரைவர்களும் அங்கே ஒன்றிசைவாக இயங்கவில்லை.

இந்த அளவுகள் கையில் இருந்தால், முதலில் பழைய ஸ்பீக்கரை டி.எஸ்.பி.யில் அப்படியே மறுபடி உருவாக்கிவிட்டு, பிறகு அதை மேம்படுத்த முயலலாம். முயற்சி பிடிக்காவிட்டால் தொடங்கிய இடத்துக்குத் திரும்பவும் முடியும். இனி இத்தகைய செய்முறைக் கட்டுரைகளை வெளியிடும்போது, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த வளைவுகளை ஒரே அளவுகோலில் அருகருகே அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி