ஆண்டறிக்கை 2024–25: கழிவுநீரும் கைவிட்ட போர்வெல்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பாலாற்றங்கரை விவசாயப் பெருமக்களே, வணக்கம்.

செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கிக்காரர்களின் பெயரை நான் படிக்கப்போவதில்லை, அவரவருக்கே தெரியும்.

இந்த ஆண்டு நம்மை அதிகம் பேசவைத்தது ஒரு கேள்வி. “அமெரிக்காவில் மின் நிலையக் கழிவுநீரையே பூமிக்குள் இறக்குகிறார்களாம். இங்கேயும் அப்படிச் செய்தால் பாலாறு தப்பிக்குமே?” என்று ஆடி மாதக் கூட்டத்தில் இளைய உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ராணிப்பேட்டை பெல் (BHEL) தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து விளக்கினார்.

மின் நிலையக் குளிர்விப்புக் கோபுரத்தில் தண்ணீர் ஆவியாக ஆவியாக, மிச்சத்தில் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஒரு பங்கை அவ்வப்போது வெளியேற்றியே ஆகவேண்டும். அமெரிக்காவில் சில இடங்களில் அதை இறக்கும் கிணறு நம் போர்வெல் மாதிரி இல்லை. ஆழம் 1,700 அடியிலிருந்து 10,000 அடிக்கும் மேல். குடிநீர் அடுக்குகளுக்கெல்லாம் கீழே, நீர் புகாத பாறைக்கு அடியில் விடுகிறார்கள். குழாய்க்குள் குழாய், வெளிச்சுற்றில் சிமெண்ட். இரண்டு குழாய்க்கும் நடுவே திரவம் நிரப்பி அதன் அழுத்தத்தைக் கவனிப்பார்கள். மாறினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். தென் புளோரிடாவில் ஏறத்தாழ 3,000 அடியில் பொந்து பொந்தான சுண்ணாம்புப் பாறை, கடல்நீர் போன்ற உப்பு நீரோடு கிடக்கிறது. அங்கேகூட உள்ளே விட்ட நகராட்சிக் கழிவுநீர் மேலேறி வந்த சங்கதி உண்டு. டென்வர் அருகே ராணுவ ரசாயன ஆலைக் கழிவை 1962 முதல் 12,000 அடியில் செலுத்தியதில் நிலநடுக்கமே வந்து, 1966-ல் நிறுத்தினார்கள்.

நமக்குக் கீழே இருப்பது நைஸ், சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறை. ஆற்றோர மணலை விட்டால், தண்ணீர் நிற்பது சிதைந்த மேல்பாறையிலும் வெடிப்புகளிலும்தான். இங்கே இறக்கினால் அது வெடிப்பு வழியாக அடுத்தவர் போரில் வந்து நிற்கும்.

இன்னொன்றும் சொன்னார். அமெரிக்க விதிப்படி லிட்டருக்கு 10,000 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்பு கரைந்த நிலத்தடி நீரும் காப்பாற்ற வேண்டிய நீர்தான். குடிநீருக்கு நம் தர அளவின் உச்சவரம்பே 2,000. ஆக, “இது உப்புக் கிணறு, கெட்டுப்போனதுதானே” என்று நாம் கைவிட்டவை பலவும் அந்தக் கணக்கில் பாதுகாக்கப்பட வேண்டியவை! இது எனக்கே புதுச் செய்தி.

சட்டமும் நம் பக்கம். 1974 தண்ணீர்ச் சட்டத்தின் 24-ம் பிரிவு மாசுப் பொருளை ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ விடக்கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தில் நிலத்தடி நீரும் ‘ஓடை’யில் அடக்கம். 2017-க்குப் பின் வரும் அனல் மின் நிலையங்கள், கடல்நீர் எடுப்பவை நீங்கலாக, கழிவுநீரே வெளியேற்றக்கூடாது என்று விதி. பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைக் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பெரியவர்கள் அறிவார்கள். அதே தோல் கழிவு விவகாரத்தில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்து அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கச் சொல்லியிருக்கிறது. அதன் தமிழ்ச் சுருக்கத்தைப் படியெடுத்துக் கொடுத்தோம்.

இத்தனைக்கும் நடுவே, ராத்திரியில் டேங்கர் லாரி வந்து வறண்ட போரில் எதையோ கொட்டிவிட்டுப் போவதாக இரண்டு பேர் புகார் சொன்னார்கள். யாருடைய வண்டி என்று தெரியவில்லை. எண்ணைக் குறிக்காமல் சத்தம் போட்டுப் பயனில்லை. கூரை மழைநீரை வடிகட்டி போரில் விடுவது நல்ல காரியம். ஆனால் சாக்கடை ஓரத்தில் வாய் திறந்து கிடக்கும் போர் மழைநீரை மட்டும் குடிக்காது.

ஆகவே உறுப்பினர்கள் தங்கள் நிலத்தில் கைவிட்ட போர்களை அடியிலிருந்து தரை மட்டம் வரை களிமண், மணல், கல் கொண்டு மூடவேண்டும். 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன முறையும் அதுதான். போர்களின் சர்வே எண் பட்டியலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அனுப்ப இன்று தீர்மானம் கொண்டுவருகிறோம். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் தேவை.

இப்படிக்கு,
செயலாளர்