கரிச்சானின் முடி மாறும் காலம்

பாளையங்கோட்டை
வைகாசி 20

அன்புள்ள எய்யா,

பணகுடியிலிருந்து நீ அனுப்பின படங்களை அப்பாவுடைய பெரிய போனில் வைத்துப் பார்த்தேன். உன் பூனைக்குட்டி கரிச்சானுக்கு ஒரு நோவும் இல்லை. கழுத்தில் வெள்ளை தெரிவது, முதுகு முடி படிந்துபோய் எலும்பு துருத்தியது போல இருப்பது, வால் எலிவால் மாதிரி ஆனது, தடவினால் கையோடு பஞ்சு வருவது எல்லாம் ஒரே காரணத்தால்தான். குட்டி முடியைக் கழற்றிவிட்டுப் பெரிய பூனையின் முடியை வாங்குகிறான். அவனுக்கு ஐந்து மாதம். இது வரவேண்டிய நேரத்தில்தான் வந்திருக்கிறது.

நீளமுடிப் பூனை நாலு மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் நடுவில் பார்க்க அழகாகவே இருக்காது. முகம் ஒரு பக்கம், காது ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் வளரும். முடி மட்டும் பின்தங்கும். இந்தச் சமயத்தில்தான் பலபேர் "ஏமாற்றி விற்றுவிட்டார்கள், இது சாதாரணப் பூனை" என்று குட்டியை வெளியே விட்டுவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யமாட்டாய். ஆனாலும் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உனக்குக் கலக்கம் இருக்காது.

குட்டி பிறக்கும்போது நீளமுடியா, குட்டைமுடியா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆறு வாரத்துக்கு மேல்தான் காதுக்குள் குச்சம் விடும், விரல் இடுக்கில் முடி நீளும், அடிவயிறு அலையலையாக வரும். கரிச்சானுடைய தாய் நீளமுடி. அப்பன் எதிர்வீட்டு ஓட்டில் திரிகிற குட்டைமுடிக் கடுவன். அப்படியும் அந்த ஈற்றுக் குட்டிகளில் இரண்டு நீளம், இரண்டு குட்டை. முடி இவ்வளவு வளர்ந்தது போதும், நில் என்று சொல்லும் ஒரு மரபணு உண்டு, எஃப்.ஜி.எஃப்.5 என்று பெயர். அது பழுதுபட்டிருந்தால் முடி நிற்காமல் நீளும். பழுதுபட்ட பிரதி தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் நீளமுடி. பூனையில் இதைக் கண்டுபிடித்ததே 2007-ல்தான். அந்தக் கடுவன் வெளியே குட்டையாக இருந்தாலும் உள்ளே ஒரு பிரதியை வைத்திருந்திருக்கிறது.

குட்டியின் உடம்பில் இருந்தது பெரும்பாலும் மெல்லிய பஞ்சு முடி. பெரிய பூனைக்கு அடுக்கு உண்டு: மேலே நீளமான, விறைத்த, பளபளப்பான முடி, நடுவில் கொஞ்சம் குட்டையானது, தோலை ஒட்டிப் பஞ்சு. இப்போது அந்த விறைத்த மேல்முடி முளைத்து வருகிறது. அதே நேரத்தில் பழைய பஞ்சு கழன்று விழுகிறது. கழன்ற பஞ்சு கீழே போகாமல் புது முடியின் நடுவே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் வாழ்நாளில் வேறு எப்போதையும் விட ஐந்திலிருந்து பத்து மாதம் வரை சிக்கு அதிகம்.

வெள்ளைக்கு வருகிறேன். அது நரையும் இல்லை, சத்துக் குறைவும் இல்லை. அவன் கருப்பே இல்லை, புகைநிறம். அவன் தாயைப் பார்த்திருக்கிறாயே, கழுத்தை ஊதினால் வேர் வெள்ளிபோல இருக்கும். ஒவ்வொரு முடியும் நுனியில் கருப்பு, அடியில் வெள்ளை. குட்டியில் முடி குட்டையாக இருப்பதால் நுனி மட்டும் தெரிந்து முழுக் கருப்பாகக் காட்டும். நீள நீள அடி தெரியும். இந்தக் குணம் தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். முதலில் கழுத்து, காதுக்குப் பின்புறம், அடிவயிறு, பிறகு விலாப்பக்கம். ஒன்றரை, இரண்டு வயதில் அவன் நடக்கும்போது கருப்பு விலகி உள்ளே வெள்ளி ஓடுவது தெரியும். அதைப்போல அழகான பூனை கிடையாது.

முதுகு நுனி மட்டும் செம்பட்டையாகத் தெரிந்தால் அது வேறு. வெயில் கருப்பை வெளிறச் செய்யும். உன் குவார்ட்டர்ஸ் மேற்கு ஜன்னலில் மதியம் முழுக்கப் படுத்திருந்தால் அப்படித்தான் ஆகும். புரதம் குறைந்தாலும் கருப்பு செம்பட்டையாகும், அதைச் சாப்பாட்டில் சொல்கிறேன். உன்கூட வேலைசெய்கிற தம்பி வாங்கியிருக்கிற நீலக்கண் வெள்ளைக் குட்டிக்கு மூக்கும் காதும் கருத்துவருகிறது என்று எழுதியிருந்தாய். அது அழுக்கில்லை, தேய்க்க வேண்டாமென்று சொல். அந்த வகைக்கு உடம்பு சூடு குறைந்த இடத்தில்தான் நிறம் ஏறும். தாய் வயிற்றுக்குள் எல்லா இடமும் ஒரே சூடு, அதனால் வெள்ளையாகப் பிறக்கும். பிறகு காது, மூக்கு, பாதம், வால் கருக்கும். நம் ஊர் வெக்கைக்கு உடம்பு வெளிறியே நிற்கும்.

இனி என்ன வரும் என்றால், முதலில் வால் நிரம்பும், தொடைக்குப் பின்னால் குச்சம் தொங்கும். அது ஏழெட்டு மாதத்தில். பிடரி மயிர் மெல்லத்தான் வரும். ஒரு வயதில் பூனை முழுதாக வளர்ந்தது போல இருக்கும், முடி இன்னும் முடிந்திருக்காது. இரண்டு வயது வரை பொறு. குளிர் தேசத்துப் பூனைகள் பகல் நீள்வதையும் குறுகுவதையும் வைத்து வருசத்துக்கு இரண்டு தரம் மொத்தமாக உதிர்க்கும். நம் திருநெல்வேலிப் பக்கம் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் இவன் வருசம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ப்பான். ஒரு மாதம் சீவி மறு மாதம் விடலாம் என்று நினைக்காதே.

சீவுவதைச் சரியாகச் செய்தால் பாதிக் கவலை போகும். இரண்டு ஸ்டீல் சீப்பு வேண்டும், ஒன்று அகலப்பல், ஒன்று நெருக்கப்பல். மேலே தடவுகிற பிரஷ் போதாது. மேலே வழுவழுவென்று இருக்கும், அடியில் கம்பளி போலத் திரிந்து கிடக்கும், உனக்குத் தெரியாது. ராத்திரி சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்து, அவன் அசந்திருக்கும்போது மடியில் வை. அவனுக்குப் பிடித்த கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் தொடங்கு. பிறகு கழுத்து, முதுகு. முடியை வகிடெடுத்துத் தோல் தெரிகிறதா என்று பார்த்து, வேரிலிருந்து நுனிவரை அகலப்பல்லால் இழு. தடையில்லாமல் போனால் நெருக்கப்பல். தடை வந்தால் தோலை ஒட்டி முடியை இன்னொரு கையால் பிடித்துக்கொள், அப்போது இழுப்பு அவன் தோலுக்குப் போகாது. ஐந்து நிமிடம் போதும். அவன் வாலை அடிக்கத் தொடங்குமுன் நீயே நிறுத்து. சண்டையில் முடித்தால் மறுநாள் சீப்பைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். இந்த ஆறு மாதத்தில் சீப்பைப் பிடித்துப்போய்விட்டால் பதினைந்து வருசத்துக்குப் பாடு இல்லை.

சிக்கு விழும் இடங்கள் எப்போதும் அதேதான்: காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குள், அடிவயிறு, தொடை இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில். பட்டையைக் கழற்றிவிடு. அக்குளை நாள் தப்பாமல் பார். கொண்டைக்கடலை அளவு முடிச்சு இருக்கும்போது கையாலேயே பிரித்துவிடலாம்: வெள்ளைக் கார்ன்ஃப்ளார் மாவு ஒரு சிட்டிகை அதில் தேய், இரண்டு கைவிரலாலும் நீளவாக்கில் பிளந்து பிளந்து சின்னதாக்கு, பிறகு நுனியிலிருந்து வேர்நோக்கிச் சீப்பைக் கொண்டுபோ. வாசனைப் பவுடர் வேண்டாம், நக்கி விழுங்குவான். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், உங்கள் பக்கத்துப் புழுதி அதில் அப்பிக்கொள்ளும்.

கத்தரிக்கோலால் சிக்கை வெட்டாதே. பூனைத் தோல் காகிதக் கனம்தான். சிக்கு இறுக இறுகத் தோலையும் சேர்த்துத் தூக்கிக்கொள்ளும். முடி என்று வெட்டினால் தோல் விரிந்துபோகும், தையல் போடவேண்டிவரும். பிரிக்க முடியாததை மருத்துவர் மெஷினால் எடுக்கட்டும். மலவாய் சுற்றிலும் மட்டும் முடியை ஒரு சென்டிமீட்டருக்குக் குறைத்துவை, இல்லாவிட்டால் இளக்கமாகப் போகிற அன்றைக்கு ஒட்டிக்கொண்டு வீடெல்லாம் இழுப்பான். அங்கே மழுங்கிய நுனிக் கத்தரி, தோலுக்கும் கத்தரிக்கும் நடுவில் சீப்பு. வாலை மட்டும் அகலப்பல்லால் மெதுவாக. வாலில் பிடுங்குபட்ட முடி திரும்ப நீள மாதக்கணக்காகும்.

குளிப்பாட்ட அவசரமில்லை. அழுக்குப் பட்டால் மட்டும், பூனை ஷாம்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில். சிக்கோடு நனைத்தால் சிக்கு கல்லாகிவிடும், அதனால் முதலில் சீவு. அடிமுடி ஈரமாக நின்றால் பூஞ்சை பிடிக்கும், தோல்வரை காயவை. சீயக்காய், டெட்டால் கிட்டவே கொண்டுபோகாதே. தரையில் ஃபினாயில் போட்டுத் துடைக்காதே. பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கிற சக்தி கிடையாது, பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். நாய் உண்ணிக்குப் போடுகிற பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றேவிடும். வேப்பெண்ணெயும் தடவாதே.

ஆடிக் காற்று உங்கள் பக்கம் வைகாசியிலேயே தொடங்கிவிடும். புழுதியோடு நெருஞ்சியும் நாயுருவி விதையும் வரும். விரல் இடுக்கு முடியில் ஒட்டிக்கொண்டால் நடக்க நடக்க உள்ளே குத்திச் சீழ் வைக்கும். வெளியே விடாதே. தார்சாவரை போய்வந்தாலும் நாலு பாதத்தையும் விரித்துப் பார். வெக்கைக்கு மொட்டை அடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். சிக்கில்லாத முடிக்குள் காற்று ஓடும், வெயிலும் தோலில் படாது. சிக்குப்பிடித்த முடிதான் கம்பளி. வாயைத் திறந்து மூச்சு இளைத்தால் மட்டும் காத்திருக்காதே. ஐஸ் இல்லாத குளிர்ந்த தண்ணீரால் காது, பாதம், வயிற்றை நனைத்து, மின்விசிறிக்கு அடியில் வைத்து, நேரே மருத்துவரிடம் கொண்டுபோ.

சாப்பாட்டில் கறாராக இரு. முடி என்பதே புரதம்தான். பால்சோறு, தயிர்ச்சோறு தின்கிற பூனைக்கு உயிர் நிற்கும், முடி நிற்காது. டாரின் என்று ஒரு சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு, அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். குட்டிக்கென்று எழுதின உலர்தீனியை அவன் எடைக்குப் பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுப்படி, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. ஒரு வயது வரை குட்டித்தீனியேதான். அதோடு ராத்திரி எலும்பில்லாத அவித்த கோழி ஒரு 30 கிராம், உப்பும் மஞ்சளும் இல்லாமல். சாளை மலிவாகக் கிடைக்கிறது என்று தினமும் போடாதே. வாரத்துக்கு இரண்டு நாள், முள் எடுத்து அவித்து. மீனே தின்றால் வைட்டமின் ஈ குறைந்து தோலுக்கடியில் கொழுப்பு வீங்கி நோகும். பச்சை மீனில் இருக்கிற ஒன்று தையமின் என்கிற பி1 வைட்டமினை அழித்துவிடும். குழம்புச் சோறு ஒரு வாய்கூடக் கூடாது, சின்ன வெங்காயமும் பூண்டும் அவன் ரத்தத்தைக் கெடுக்கும்.

இவ்வளவும் சொன்னாலும், எல்லா உதிர்வும் முடிமாற்றம் என்று இருந்துவிடாதே. முடிமாற்றத்தில் முடி மெலியும், தோல் வெறுமையாகத் தெரியாது. வட்டமாக வழுக்கை விழுந்து ஓரம் செதிலாக இருந்தால் படர்தாமரை. குட்டிகளுக்கும் நீளமுடிக்கும் அது சீக்கிரம் பிடிக்கும், உனக்கும் ஒட்டும். நம் களிம்பைப் பூசாதே, நக்குவான். உள்ளுக்கு மருந்தும் மேலுக்குக் குளியலும் வாரக்கணக்காக வேண்டும். முடி முளைத்துவிட்டதென்று பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும், சோதனையில் இல்லை என்று வரும்வரை கொடுக்கவேண்டும். பேன் சீப்பால் இடுப்பில் சீவினால் கரும்பொடி வருகிறதா? ஈரவெள்ளைத் துணியில் தட்டு. செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது அவன் ரத்தம். முடி மங்கி விறைத்து வயிறு மட்டும் உப்பினால் வயிற்றுப்பூச்சி மருந்து தப்பிவிட்டது என்று அர்த்தம். ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

அடுத்த மாதம் அவனுக்கு ஆறு மாதம் ஆகும். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவந்து குடும்பக்கட்டுப்பாடு செய்துவிடுவோம். அதனால் முடி கெடும் என்று யார் சொன்னாலும் நம்பாதே. செய்யாத கடுவனுக்குத்தான் வாலின் அடியில் எண்ணெய் சுரந்து முடி பிசுபிசுத்துக் கொத்தாக ஒட்டும், சுவரெல்லாம் மூத்திரம் அடிப்பான். ஊசிபோட முன்னங்காலில் ஒரு வளையம் சிரைப்பார்கள். அது பழையபடி நீள மூன்று நாலு மாதம் ஆகும்.

சீப்பு இரண்டும் ஞாயிற்றுக்கிழமை வள்ளியூர் வருகிற சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வந்ததும் முதல் நாள் சீவாதே, தரையில் போட்டு மோந்துபார்க்க விடு. நகத்தை வெட்டிவிட்டு மறுநாள் தொடங்கு. அக்குளில் ஏற்கெனவே முடிச்சு இருக்கிறதா என்று இன்றைக்கே கைவிட்டுப் பார்த்து எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா