மன்றத்தின் ஆண்டறிக்கை 2024–25: ஊருணியும் கடற்கரை மணலும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஊருணி தூர்வாரல், பொங்கல் விழா, மரக்கன்று நடுதல் எல்லாம் வழக்கம்போல் நடந்தேறின. கோரம் சேர்வதற்குள் காப்பி ஆறிப்போவதும் வழக்கம்போல்தான்.

அடுத்து, கடற்கரை மணலில் பூஞ்சை எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கும் மணல் சோதனை. "காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு கடல் மணல் நமக்கெதற்கு?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். ஆடி, தை அமாவாசைகளுக்குத் தேவிபட்டினம் போகிறவர்களும், லீவுக்குப் பிள்ளைகளைத் தொண்டிக்குக் கூட்டிப்போகிறவர்களும் நாம்தானே? படர்தாமரை, சேற்றுப்புண், கருவிழிப் புண் ஆகியவற்றை உண்டாக்கும் பூஞ்சைகள் மணலில் தங்கக்கூடியவை. மருந்துகளுக்கு எளிதில் அடங்காத கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சையை அந்தமானின் உப்புச் சதுப்பிலும் கடற்கரை மணலிலும் கண்டதாக, டெல்லி வல்லபபாய் படேல் மார்புநோய் நிறுவன ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் இயற்கைச் சூழலிலிருந்து அதை யாரும் பிரித்தெடுத்ததில்லை.

செய்முறையைக் கேட்டவர்களுக்காக: அலை தொடாத காய்ந்த மணலில்தான் எடுக்க வேண்டும். ஈர மணலை அலை அலசிவிடும். காலடி, நாய், எச்சில் இலை எல்லாம் சேர்வது மேல்மணலில். மேலே கிடக்கும் குப்பையை ஒதுக்கி, மூன்று இடங்களில் மேல் 5 முதல் 10 செ.மீ. வரை அள்ளி, கிருமி நீக்கிய பையில் ஒன்றாகக் கலந்து, ஐஸ்பெட்டியில் அன்றே ஆய்வகம் சேர்க்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் பையை விட்டால் உள்ளே வியர்த்து, வழியிலேயே பூஞ்சை பெருகும்; பிறகு எண்ணுவது கடற்கரையை அல்ல, காரை.

ஆய்வகத்தில் 40 கிராம் மணலை 100 மி.லி. கிருமி நீக்கிய நீரில் அரை மணி நேரம் குலுக்கி, அந்த நீரில் 0.2 மி.லி.யை, குளோராம்பெனிகால் சேர்த்த சபரோ அகார் என்ற, பூஞ்சை வளர்க்கும் கூழ்த் தட்டில் பரப்புகிறார்கள். பாக்டீரியாவை அடக்கத்தான் அந்த மருந்து. 25 முதல் 28 டிகிரியில் ஐந்தாறு நாளில் பூஞ்சைத் திட்டுகள் தெரியும். அந்த 0.2 மி.லி.க்கு 0.08 கிராம் மணல் என்பதால், தட்டில் ஒரு திட்டு என்றால் கிராமுக்கு 12.5 என்று கணக்கு. கடற்கரை மணல் பூஞ்சை பற்றிய மைக்கோசாண்ட்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வு 2021இல் முன்வைத்த அளவு கிராமுக்கு 89. ஆக, ஏழு திட்டு வரை உள்ளே, எட்டானால் வெளியே. இது சட்ட வரம்பு அல்ல, ஒப்பிட ஒரு கோடு. மொத்த எண்ணிக்கை கூடினால் எல்லாமே நோய்ப்பூஞ்சை என்றும் அர்த்தமில்லை.

பெரிய தொல்லை ரைசோபஸ் என்ற பூஞ்சை. இரண்டே நாளில் தட்டு முழுக்கப் பஞ்சாகப் படர்ந்து மற்றவற்றை மூடிவிடும். ரோஸ் பெங்கால் என்ற சாயம் கலந்த அகார் அதைக் கட்டுப்படுத்தும். வாங்கப் பணம் வேண்டும்.

துண்டறிக்கையில் போட்டதை இங்கும் சொல்லிவிடுகிறேன். கண்ணில் மண் விழுந்தால் கசக்காமல் சுத்தமான நீரில் கழுவுங்கள். சிவப்பும் வலியும் நின்றபாடில்லை என்றால் கண் டாக்டர்தான். கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விட்டால் பூஞ்சைப் புண் ஆழமாகும். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பும் அப்படியே: அரிப்பு அடங்கும், வட்டம் பரவும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இரண்டும் ஏறத்தாழச் சரி. அந்த 'ஏறத்தாழ'வில் கொஞ்சம் பற்றாக்குறை இருக்கிறது. கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் கட்டும் புள்ளி வரியை ஒரு நாள் தள்ளிப்போடாதவர்கள் மன்றச் சந்தாவை ஆண்டுக்கணக்கில் மறந்திருக்கிறார்கள். வெளிநாட்டு உறுப்பினர்கள் வாட்ஸ்அப்பில் கைதட்டல் அனுப்புகிறார்கள். ஆய்வகத்தில் அது செல்லாது.

தட்டுகளை ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலத்தில் 121 டிகிரியில் அவித்த பிறகே அப்புறப்படுத்திய கல்லூரி ஆய்வக உதவியாளர்களுக்கும், ஐஸ்பெட்டி தந்த அண்ணனுக்கும், கூட்டந்தோறும் பணியாரம் அனுப்பிய ஆச்சிமார்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் மணல் எடுத்து ஒப்பிட எண்ணம். படர்தாமரைப் பூஞ்சைக்குத் தனி முறை உண்டு: எடுத்த மணலை ஈரமாக்கி, அதன்மேல் கிருமி நீக்கிய முடியைத் தூவி நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். முடிக்குக் காசு வேண்டாம், மற்றவற்றுக்கு வேண்டும். பாக்கிப் பட்டியலைப் பெயர் சொல்லி வாசிக்கும் உத்தேசம் எனக்கில்லை. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு முகப்புத் திண்ணையில் இருப்பார்.

— செயலாளர்